கபடி கார்னருக்கு எந்த ரக்பி?

கேள்வி: என் மகன் பதினோராம் வகுப்பு படிக்கிறான். பள்ளிக் கபடி அணியில் இடது கார்னர் (ஓரத்தில் நின்று ரெய்டரைப் பிடிப்பவன்), எடை 68 கிலோ. 'ரக்பி லீக்கில் நேஷனல் ஆட வைக்கிறேன், சர்டிபிகேட் கைக்கு வந்துவிடும், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை உறுதி' என்று ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். பி.இ.டி. சார், 'சேர்த்தால் யூனியன் பக்கம் சேருங்கள்' என்கிறார். பிரிஸ்பேனில் இருக்கும் என் மைத்துனர், 'இங்கே லீக்குக்குத்தான் கூட்டம், யூனியனை யார் பார்க்கிறார்கள்?' என்கிறார். இரண்டில் எது உசத்தி? எதில் விடலாம்? (அம்பாசமுத்திரம் வாசகர்)

பதில்: அண்ணாச்சி, அந்த 15,000 ரூபாயை முதலில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பிறகு பார்ப்போம்.

மைத்துனர் சொன்னது அவர் இருக்கும் ஊருக்குச் சரி. பி.இ.டி. சார் சொன்னது நம் ஊருக்குச் சரி. பணம் கேட்பவர் சொன்னதில் 'ரக்பி' என்ற ஒரு சொல்லைத் தவிர எதையும் நம்ப வேண்டாம்.

ரக்பியில் லீக், யூனியன் என்று இரண்டு தனி ஆட்டம் உண்டு. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். அதே முட்டை வடிவப் பந்து, அதே உயரமான கம்பங்கள், அதே 80 நிமிடம். கையால் பந்தை முன்னால் எறியக் கூடாது என்பதும் இரண்டுக்கும் பொது. லீக்கில் ஒரு பக்கம் 13 பேர், யூனியனில் 15 பேர். எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை. அதற்கு லீக்கில் 4 புள்ளி, யூனியனில் 5. ஆளைப் பிடித்து வீழ்த்திய பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. லீக்கில், விழுந்தவன் எழுந்து நின்று பந்தைக் காலால் பின்பக்கம் உருட்டுவான். எதிரணி 10 மீட்டர் பின்வாங்கி நிற்கும். இப்படி ஆறு பிடி. அதற்குள் ஒன்றும் நடக்கவில்லையென்றால் பந்து மற்றவனுக்குப் போய்விடும். யூனியனில் அந்தக் கணக்கே இல்லை. விழுந்த இடத்திலேயே இரண்டு பக்கமும் முட்டிமோதிப் பந்துக்குப் போட்டி போடும். எட்டெட்டுப் பேர் தோள் கொடுத்துத் தள்ளும் ஸ்க்ரம், ஆளைத் தூக்கிப் பந்து பிடிக்கும் லைன்-அவுட் எல்லாம் யூனியனில் நிஜமான போட்டி. லீக்கில் லைன்-அவுட் கிடையாது, ஸ்க்ரம் பேருக்குத்தான்.

இந்தப் பிரிவு கூலிப் பிரச்சினையில் வந்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஹோட்டலில் வடக்கு மாவட்டக் கிளப்புகள் கூடித் தனியே போயின. அங்கே ஆடியவர்கள் மில் தொழிலாளிகள், சுரங்கத் தொழிலாளிகள். சனிக்கிழமை மேட்சுக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. அந்த இழப்புக்கு 6 ஷில்லிங் தரலாம் என்றார்கள் வடக்கத்தியார். ஆட்டத்துக்குக் காசே கூடாது என்றார்கள் தெற்கே வசதியாக இருந்தவர்கள். முக்கூடல் பக்கம் ஒருநாள் பீடி சுற்றாவிட்டால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதில் யார் பக்கம் நியாயம் என்று விளக்க வேண்டியதில்லை. யூனியன் வெளிப்படையாகச் சம்பளம் கொடுக்க நூறு வருடம் கழித்து, 1995-ல்தான் ஒத்துக்கொண்டது.

உங்கள் பையன் ஆட்டத்துக்கு எது ஒத்துவரும் என்று மட்டும் கேட்டால், என் பதில் லீக். ஆளைப் பிடி, வீழ்த்து, பின்வாங்கு, மறுபடி வரிசையில் நில் என்பது கபடியில் கார்னரும், அவனுக்கு அடுத்து நிற்கும் கவரும் தினமும் செய்யும் வேலை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒருவனை மடக்குவதும் லீக்கில் அன்றாடம் நடப்பது. ஆனால் இந்தியாவில் சங்கம், தேர்வு, தேசியப் போட்டி, சான்று எல்லாம் இருக்கும் பாதை யூனியன் குடும்பத்தைச் சேர்ந்த செவன்ஸ். அணிக்கு ஏழு பேர், அதே முழு மைதானம், பாதிக்கு 7 நிமிடம். 2016 முதல் ஒலிம்பிக்கில் இருப்பது இதுதான், ஆசிய விளையாட்டில் இருப்பதும் இதுதான். 2022 குஜராத் தேசிய விளையாட்டிலும் இதைத்தான் ஆடினார்கள். ஆகவே பையனை செவன்ஸில் விடுங்கள்.

விடுவதற்கு முன் மூன்று கபடிப் பழக்கத்தை மாற்ற வேண்டும். ஒன்று, டேஷ். கோட்டோரம் வந்த ரெய்டரைத் தோளால் இடித்து வெளியே தள்ளுவது கபடியில் கைதட்டல் வாங்கும். ரக்பியில் கை சுற்றாமல் தோளால் இடித்தால் ஃபவுல், முகத்தில் பட்டால் சிவப்பு அட்டை வரைக்கும் போகும். பிடி தோளுக்குக் கீழேதான், கையைச் சுற்றித்தான். இரண்டு, தூக்கிப் போடுவது. ஆளை இடுப்புக்கு மேல் தூக்கித் தலைகீழாக இறக்கினால் நேரே வெளியே அனுப்பிவிடுவார்கள். மூன்றாவதுதான் கபடிப் பையன்கள் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்வது. கபடியில் பிடித்தால் விசில் வரும்வரை விடக் கூடாது. அது எலும்புவரை ஊறிய பழக்கம். யூனியனிலும் செவன்ஸிலும் ஆள் தரையில் விழுந்த கணமே பிடித்தவன் கையை விட வேண்டும், உருண்டு விலக வேண்டும். விடாவிட்டால் பெனால்டி. செவன்ஸில் ஒரு பெனால்டி கொடுத்தால், எதிரே ஆறேழு பேர் மட்டும் நிற்கும் அத்தனை பெரிய மைதானத்தில், பல சமயம் ஒரு ட்ரையைக் கொடுத்ததாகவே ஆகும். முதல் மாதம் முழுக்கப் பையன் வாயாலேயே 'பிடி, விழு, விடு, எழு' என்று சொல்லிக்கொண்டே பழகட்டும்.

கார்னரின் கணுக்கால் பிடி இங்கேயும் செல்லும். கையால் பிடிக்கலாம், காலால் தட்டி விழவைக்கக் கூடாது. ரெய்டு போய்த் திரும்பும்போது விழுந்துகொண்டே நடுக்கோட்டை எட்டித் தொடுவார்களே, அந்த நீட்டல் ட்ரை கோட்டருகே பொன். யூனியனில் விழுந்த பிறகும், தாமதிக்காமல், ஒரே நீட்டலில் பந்தைக் கோட்டில் வைக்கலாம். தொடைப் பிடியில் மட்டும் தலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஓடி வருபவனின் முட்டிக்கு எதிரே தலை போகக் கூடாது. கன்னம் அவன் தொடையின் பின்பக்கம் ஒட்ட வேண்டும். இதைச் சரி செய்யாமல் மேட்சுக்கு அனுப்பும் கோச்சிடம் பையனை விடாதீர்கள்.

இனி மைத்துனர் பேச்சு. அவர் இருக்கும் குவீன்ஸ்லாந்திலும் பக்கத்து நியூ சவுத் வேல்ஸிலும் லீக்தான் ராஜா. 1980-ல் தொடங்கிய ஸ்டேட் ஆஃப் ஆரிஜின், அந்த இரண்டு மாநிலமும் வருடத்துக்கு மூன்று மேட்ச் மோதுவது, அங்கே திருவிழா மாதிரி. அதே ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் போய் 'ஃபுட்டி' என்றால் இரண்டு ரக்பியும் இல்லாத மூன்றாவது ஆட்டத்தை, ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பாலை, காட்டுவார்கள். இங்கிலாந்தில் விகன், செயின்ட் ஹெலன்ஸ், லீட்ஸ் பக்கம் லீக். பப்புவா நியூ கினியில் லீக் என்றால் உயிர். இவற்றை விட்டு வெளியே வந்தால் தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து, ஃபிஜி, ஜப்பான் எங்கும் யூனியன்தான் முன்னால். லீக் உலகக் கோப்பை 1954-லேயே வந்துவிட்டது, யூனியனுடையது 1987-ல்தான். ஆனாலும் லீக் கோப்பை 16 முறை நடந்ததில் 12 முறை ஆஸ்திரேலியாவே வென்றிருக்கிறது. வேர் எவ்வளவு குறுகிய இடத்தில் ஓடுகிறது என்று இதிலேயே தெரியும். யூனியனில் தென்னாப்பிரிக்கா 4, நியூசிலாந்து 3, ஆஸ்திரேலியா 2, இங்கிலாந்து 1.

பையன் +2 முடித்து மாமா வீட்டில் தங்கி பிரிஸ்பேனில் படிக்கப் போகிறான் என்றால் என் பதில் வேறு. அப்போது லீக் ஆடட்டும், தாராளமாக. அங்கே வட்டாரத்துக்கு வட்டாரம் லீக் கிளப் இருக்கும். கபடி உடம்புக்கு அது ஒரு மாதத்தில் பிடிபடும், நண்பர்களும் கிடைப்பார்கள். ஆனால் அது ஆட்டத்துக்காக. அங்கே வார இறுதியில் ஆடிய லீக்கை இங்கே வந்து கோட்டா விண்ணப்பத்தில் காட்ட முடியாது. ஆடினால் விசா கிடைக்கும் என்று சொல்பவரையும் நம்ப வேண்டாம். மாமா பிரிஸ்பேனில் இருக்கிறார் என்பதற்காக மட்டும், அம்பையில் இருந்துகொண்டே இப்போதே லீக் தொடங்குவதில் அர்த்தமில்லை. போவது உறுதியானால், விமானம் ஏறும் வருடம் யோசித்தால் போதும். செவன்ஸ் ஆடிய கால் லீக்குக்கும் ஓடும்.

சர்டிபிகேட்டுக்கு வருகிறேன், இதைக் கவனமாகப் படியுங்கள். மத்திய அரசு வேலைக்கான விளையாட்டுப் பட்டியலில் 43 விளையாட்டுகள் இருந்தன. 2020-ல் அதை 63 ஆக்கியபோது ரக்பியும் உள்ளே வந்தது. பட்டியலில் இருப்பது 'ரக்பி' என்ற ஒற்றைச் சொல். உங்களிடம் வந்தவர் பிழைப்பதே அந்தச் சொல்லில்தான். 'லீக்கும் ரக்பிதானே, பட்டியலில் இருக்கே, பாருங்க' என்று செல்போனில் அரசாணையைக் காட்டுவார். எந்தச் சம்மேளனம் நடத்தும் போட்டி என்று பக்கத்தில் இரண்டு சொல் சேர்த்து எழுதினால் எத்தனை குடும்பம் தப்பிக்கும்! எழுத மாட்டார்கள். நாம்தான் தேடித் தெரிந்துகொள்ள வேண்டும்.

செல்லுபடியாவது, விளையாட்டு அமைச்சகம் அங்கீகரித்த தேசியச் சம்மேளனம் நடத்தும் தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியது. ரக்பிக்கு அது ரக்பி இந்தியா, அதாவது இந்திய ரக்பி ஃபுட்பால் யூனியன். பெயரிலேயே யூனியன். கையில் கொடுக்கும் வண்ணச் சான்றிதழ் போதாது. அரசு வகுத்த படிவத்தில் வாங்க வேண்டும். தேசியப் போட்டிக்கு படிவம் 2, தேசியச் சம்மேளனச் செயலாளரோ மாநிலச் சங்கச் செயலாளரோ கையெழுத்திட்டது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்றால் படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டு என்றால் படிவம் 4. மாவட்ட மேட்ச் சர்டிபிகேட் எத்தனை அடுக்கி வைத்தாலும் இதற்கு ஈடாகாது. பதக்கம் வாங்கியவர்களுக்குப் பிறகுதான் வெறும் பங்கேற்பு. தமிழ்நாடு அரசு வேலைக்கான 3 சதவீத ஒதுக்கீட்டுக்கும், கல்லூரி இடங்களுக்கும் விதி தனித்தனி. இவ்வளவையும் ஒரே இடத்தில் தமிழில் அச்சடித்துப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்ட ஒருநாள் வேலை. அதைச் செய்யாததால்தான் இடைத்தரகர் வீட்டு வாசலுக்கு வருகிறார்.

இவர்கள் வேலை செய்யும் விதம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஏழு பேர் கையெழுத்திட்டால் 1975-ம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிந்துவிடலாம். பெயரில் 'அகில இந்திய' வரும், 'ஃபெடரேஷன்' வரும். லெட்டர்ஹெட்டில் 'அரசுப் பதிவு பெற்றது' என்று தடித்த எழுத்தில் போடுவார்கள். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. ஊர்ச் சங்கத்துக்கும் பதிவு எண் உண்டு, அதைக் காட்டி யாருக்கும் வேலை தர மாட்டார்கள். பிறகு வெளிமாநிலத்துக்கு ரயில், ஒரு ஜெர்சி, இரண்டு மேட்ச், எல்லாருக்கும் மெடல். அடுத்த வருடம் 'நேபாளத்தில் இன்டர்நேஷனல்' என்று 40,000 கேட்பார்கள். சான்று போலி என்பது நான்கைந்து வருடம் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பு மேஜையில்தான் தெரியும். அதற்குள் வயதும் போயிருக்கும்.

அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மாநில அணிக்குத் தேர்வு எந்தத் தேதி, எந்த மைதானம்? படிவம் 2-ல் கையெழுத்திடுவது யார்? பணத்துக்குச் சங்கத்தின் பெயரில் ரசீது தருவீர்களா? தேர்வே இல்லாமல் நேரடியாக நேஷனல் என்றாலும், சொந்த நம்பருக்கு ஜி-பே செய்யச் சொன்னாலும் அத்தோடு அனுப்பிவிடுங்கள். பிறகு பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம், இந்த வருட ரக்பித் தேர்வு எப்போது, மாநிலச் சங்கத்தின் மாவட்டப் பொறுப்பாளர் யார், மாநிலப் பட்டியலில் ரக்பியின் நிலை என்ன என்று மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். வாயால் கேட்டால் 'அப்புறம் வாங்க' என்பார்கள். பி.இ.டி. சாரையும் கூட அழைத்துப் போங்கள். அவர் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுக்காமல் பள்ளிக்கூடம் விட்டுவைத்திருந்தால் இந்த வேலையை அவரே செய்திருப்பார்.

சாமான் அதிகம் வேண்டாம். 5-ம் நம்பர் ரக்பி பந்து ஒன்று, காற்று 9.5 முதல் 10 பி.எஸ்.ஐ. வரை. சைக்கிள் பம்பில் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் கல்லாகிவிடும், கையில் நிற்காது. ஃபுட்பால் ஷூவே போதும், ஆணியின் விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள், கீறினால் வேண்டாம். வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவம் எடுக்கும் மவுத் கார்டு கட்டாயம். நம் பக்கத்துச் சரள் மண்ணில், அதுவும் சித்திரை வெயிலில், டேக்கிள் பழகினால் முட்டி முழங்கை தோல் உரியும். முதலில் கபடி விரிப்பிலோ நீளம் தாண்டும் மணல் குழியிலோ பழகட்டும். ஐப்பசி மழை விழுந்து தரை இளகிய பிறகு மைதானத்துக்கு மாறலாம்.

தலையில் அடிபட்டு ஒரு நொடி தடுமாறினாலும், வாந்தி வந்தாலும், ஸ்கோர் கேட்டால் விழித்தாலும், அன்று அவனை மறுபடி இறக்க விடாதீர்கள், ஃபைனலாக இருந்தாலும் சரி. அம்பை ஜி.எச்.சிலோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலோ காட்டி, டாக்டர் சொன்ன பிறகு பந்தைத் தொடட்டும்.