தென் சென்னை தொகுதி: கேட்டதும் சொன்னதும்

தென் சென்னை மக்களவைத் தொகுதியின் வரலாறு பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில். அடுத்த தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று கேட்பவர்கள் ஜோசியரைப் பார்க்கவும்.

இந்தத் தொகுதியின் முதல் எம்.பி. யார்?

டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1952-ல் தென் சென்னை என்று தனியாக ஒன்று கிடையாது. சென்னை நகரத்துக்கு ஒரே தொகுதி, அதில் அவர் ஜெயித்தார். 1957-ல் வடக்கு, தெற்கு என்று பிரிந்தபோது தெற்கிலும் அவரே. முந்த்ரா விவகாரத்தில் (எல்.ஐ.சி. பணத்தை ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் போட்ட சர்ச்சை) 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் பதவியை விட்டபோது அவர் தென் சென்னை எம்.பி. 1963-ல் மறுபடி நிதியமைச்சரானபோது திருச்செந்தூர் எம்.பி. இரண்டையும் ஒன்றாக்கி எழுதாதீர்கள். மத்திய சென்னை என்ற மூன்றாவது தொகுதி 1977-ல்தான் வந்தது.

அண்ணா தென் சென்னைக்காக நாடாளுமன்றத்தில் பேசிய பேச்சுகள் எங்கே கிடைக்கும்?

நீங்கள் தேடுவது மாநிலங்களவைப் பேச்சுகளாக இருக்கும். 1962-ல் காஞ்சிபுரம் சட்டமன்றத் தொகுதியில் தோற்ற பிறகு அவர் போனது அங்கேதான். தென் சென்னையில் ஜெயித்தது 1967-ல். அதே தேர்தலில் தி.மு.க. மாநிலத்தில் ஆட்சியைப் பிடித்தது. மார்ச் 6-ல் முதல்வரானார், மாநிலத்தின் சட்ட மேலவைக்குப் போனார், எம்.பி. பதவியை விட்டார். இடைத்தேர்தலில் வந்தவர் முரசொலி மாறன். 1971-லும் அவரே.

தென் சென்னை எப்போதும் தி.மு.க. கோட்டைதானே? (சைதாப்பேட்டை வாசகர்)
கோட்டையா? அது தேசியக் கட்சிகளின் தொகுதி! (அவருக்கு மறுப்பாக பெசன்ட் நகர் வாசகர்)

இரண்டு பேரும் ஏழெட்டு முறை மாற்றி மாற்றி எழுதிவிட்டீர்கள். உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.

1962-ல் நாஞ்சில் மனோகரன், பிறகு அண்ணா, மாறன். இதுவரை சைதாப்பேட்டை சொல்வது சரி. 1977, 80, 84, 89 என்று நான்கு முறை காங்கிரஸ். முதல் இரண்டு ஆர். வெங்கட்ராமன், அடுத்த இரண்டு வைஜயந்திமாலா. 1984-ல் அவரிடம் தோற்றவர் இரா. செழியன் என்பதைக் கவனியுங்கள். நாடாளுமன்ற விதிகளைக் கரைத்துக் குடித்தவர். 'அப்போ நான் சொன்னதுதானே?' என்று பெசன்ட் நகர் குதிக்க வேண்டாம். வெங்கட்ராமன் 1977-ல் மாறனைத் தோற்கடித்தது அ.தி.மு.க. கூட்டணியில். மூன்றே வருடத்தில், 1980-ல், அதே வெங்கட்ராமன் ஜெயித்தது தி.மு.க. கூட்டணியில்! வைஜயந்திமாலாவின் இரண்டு வெற்றியும் அ.தி.மு.க. துணையோடு. காங்கிரஸ் சின்னத்துக்கு விழுந்த ஓட்டெல்லாம் காங்கிரஸ் ஓட்டு என்று எண்ணினால் கணக்கு உதைக்கும்.

1977-லேயே நகரத்துக்குள் வித்தியாசம் இருந்தது. வட சென்னையில் தி.மு.க.வின் ஆசைத்தம்பி, மத்திய சென்னையில் ஸ்தாபன காங்கிரஸின் (1969-ல் இந்திராவிடமிருந்து பிரிந்த அணி, அப்போது தி.மு.க.வின் கூட்டாளி) பா. ராமச்சந்திரன். தெற்கு மட்டும் தனி வழி போயிற்று. 2009-லும் அதே கதை. வடக்கும் மத்தியும் தி.மு.க. பக்கம் நிற்க, தெற்கில் அ.தி.மு.க.வின் சி. ராஜேந்திரன். என்னைக் கேட்டால் கோட்டை என்ற சொல்லே இந்தத் தொகுதிக்குப் பொருந்தாது.

1991-க்கு ஏன் பதில் இல்லை? (மறுபடி பெசன்ட் நகர்)

ஆர். ஸ்ரீதரன், அ.தி.மு.க. அதன் பிறகு 1996 முதல் 2004 வரை நான்கு முறை டி.ஆர். பாலு. இப்போது சண்டையை நிறுத்தலாமா?

ஆலந்தூர் மாநகராட்சிக்குள் இருக்கிறது, விமான நிலையம் கூப்பிடு தூரத்தில். ஓட்டு மட்டும் ஏன் ஸ்ரீபெரும்புதூருக்கு?

நல்ல கேள்வி. 2008-ல் தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்த மறுவரையறைக்கு முன்பு தென் சென்னையில் இருந்த ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: தியாகராய நகர், ஆயிரம் விளக்கு, மயிலாப்பூர், சைதாப்பேட்டை, ஆலந்தூர், தாம்பரம். இப்போது இருப்பவை விருகம்பாக்கம், சைதாப்பேட்டை, தியாகராய நகர், மயிலாப்பூர், வேளச்சேரி, சோழிங்கநல்லூர். ஆயிரம் விளக்கு மத்திய சென்னைக்குப் போனது. உங்கள் ஊரும் தாம்பரமும் ஸ்ரீபெரும்புதூருக்கு. கோடு போட்டபோது ஆலந்தூர் தனி நகராட்சி. மாநகராட்சி விரிந்து உங்களைச் சேர்த்துக்கொண்டது 2011-ல். வார்டு எல்லை மாறினால் தொகுதி எல்லை தானாக மாறாது.

பாலு ஏன் 2009-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு மாறினார்?

காரணத்தை அவர்தான் சொல்ல வேண்டும். மேலே உள்ள பட்டியலை மட்டும் பாருங்கள்: அவருக்குப் பழகிய ஆலந்தூரும் தாம்பரமும் அங்கே போய்விட்டன. அங்கே நின்று ஜெயிக்கவும் செய்தார்.

2004-ல் பாலுவுக்கு விழுந்த ஓட்டு 2009-ல் எங்கே போயிற்று?

ஒரு பகுதி ஸ்ரீபெரும்புதூருக்குப் போயிற்று, வாக்காளர்களோடு சேர்த்து! 2008-க்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் ஒரே அட்டவணையில் போடாதீர்கள். பெயர் ஒன்று, தொகுதி வேறு.

1999 வாக்கு வித்தியாசத்தை 2019-உடன் ஒப்பிட்டால்…

மேலே பார்க்கவும்.

1996-ஐ 2024-உடன்…

மேலே. தயவுசெய்து.

2014-க்குப் பிறகு?

2014-ல் அ.தி.மு.க.வின் ஜெயவர்தன். 2019, 2024 இரண்டிலும் தி.மு.க.வின் தமிழச்சி தங்கபாண்டியன். 2024-ல் இரண்டாம் இடம் பா.ஜ.க.வின் தமிழிசை சௌந்தரராஜன், மூன்றாம் இடத்தில் ஜெயவர்தன்.

மடிப்பாக்கத்தில் என் வாக்குச்சாவடி எது?

வாக்காளர் அட்டை எண்ணை வைத்துத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். இங்கே வரலாறு மட்டும்.