யூகாஸ் விண்ணப்பம்: பெற்றோர் கேட்டவையும் என் பதில்களும்

பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களைப் பெற்று அனுப்பும் பொது அமைப்பே யூகாஸ் (UCAS). இங்கிலாந்துப் பள்ளியொன்றில் ஆறாம் படிவ (சிக்ஸ்த் ஃபார்ம், 16–18 வயது) மாணவர்களின் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கவனித்து வருபவள் என்ற முறையில், தமிழ்ப் பெற்றோர் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் தருகிறேன்.

ஹரோவிலிருந்து ஒரு தாய்: விண்ணப்பிக்க ஜனவரி வரை நேரம் இருக்கிறது என்கிறான் மகன். சரியா, டீச்சர்?

பெரும்பாலான பாடநெறிகளுக்குச் சரி. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும், மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்கும் அக்டோபர் 15 மாலை 6 மணியே கடைசி நேரம். ஆனால் பள்ளி ஆசிரியர் பரிந்துரை எழுதி, எதிர்பார்க்கும் பெறுபேறுகளைச் சேர்த்த பின்னரே விண்ணப்பம் யூகாஸுக்குப் போகும் என்பதால், பள்ளி தனக்கென ஒரு தேதியை முன்கூட்டியே வைத்திருக்கும். அந்தத் தேதியை இன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மில்டன் கீன்ஸ், தந்தை: பெர்சனல் ஸ்டேட்மென்ட் (விண்ணப்பத்தில் மாணவர் தன்னைப் பற்றி எழுதும் கூற்று) மாறிவிட்டதாமே? மகள் சிவில் இன்ஜினியரிங் படிக்க விரும்புகிறாள்.

2026இல் படிப்பைத் தொடங்குவோர் முதற்கொண்டு, ஒரே கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும்: இந்தப் பாடத்தை ஏன் விரும்புகிறீர்கள், உங்கள் படிப்பு அதற்கு எவ்வாறு தயார்ப்படுத்தியது, வகுப்பறைக்கு வெளியே வேறு என்ன செய்தீர்கள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்துகள். மொத்தம், இடைவெளிகள் உட்பட, 4,000க்கு மேல் போகக்கூடாது.

"சிறுவயதிலிருந்தே பாலங்கள் எனக்குப் பிடிக்கும்" என்று தொடங்கும் வரைவுகள் ஆண்டுதோறும் என் மேசைக்கு வருகின்றன. அந்த வரியை யாரும் எழுதலாம். 2000ஆம் ஆண்டு திறந்த சில நாட்களிலேயே ஆட்டம் கண்டு மூடப்பட்ட லண்டன் மிலேனியம் பாலத்தைப் பற்றி உங்கள் மகள் படிக்கட்டும். பாலம் பக்கவாட்டில் அசைய, நடப்பவர்கள் தம்மையறியாமல் அந்த அசைவுக்கேற்ப நடையை மாற்ற, அதனால் ஆட்டம் மேலும் கூடியது. இது பௌதிகவியல் வகுப்பில் படித்த ஒத்ததிர்வோடு எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று அவளே யோசித்து நான்கு வரி எழுதினால், அவளோடு பேச வேண்டும் என்ற எண்ணம் வாசிப்பவருக்கு வரும்.

குரொய்டன், தந்தை: அந்தக் கூற்றைப் பிள்ளை எழுதினால் பிழை வரும். ரியூசன் ஆசிரியர் காசுக்கு எழுதித் தருகிறார்; கொடுக்கலாமா?

கூடாது. எழுதியது தன் சொந்த ஆக்கமே என்று மாணவர் உறுதியளித்துத்தான் விண்ணப்பத்தை அனுப்புகிறார். யூகாஸ் ஒவ்வொரு கூற்றையும் பழைய விண்ணப்பங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒற்றுமை கண்டால் பல்கலைக்கழகங்களுக்கு அறிவிக்கிறது. ஒரே ஆசிரியர் பலருக்கு எழுதும்போது என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஈஸ்ட் ஹாம், தாய்: இதை ஏற்க முடியவில்லை, டீச்சர். என் மூத்தவனுக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம், இடம் கிடைத்ததே!

கிடைத்திருக்கலாம், அம்மா. அவருடைய பெறுபேறுகள் நன்றாக இருந்திருக்கும். நேர்முகத் தேர்வு வைக்கும் இடங்களில், எழுதியதைப் பற்றியே கேட்பார்கள். தான் வாசிக்காத புத்தகத்தைப் பற்றிப் பேச முடியாமல் தவிக்கும் பிள்ளைகளைப் பயிற்சி நேர்முகங்களில் நான் பார்த்திருக்கிறேன். மூன்று ஆண்டுகள் படிக்கப்போகும் பாடத்தைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுத மனம் வராவிட்டால், பாடம் சரிதானா என்று வீட்டில் பேசுங்கள். எழுத்துப் பிழையை நீங்கள் சுட்டிக்காட்டலாம். கருத்து பிள்ளையுடையதாக இருக்கட்டும்.

ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் போடலாமா?

ஒரே ஆண்டில் ஒன்றுக்குத்தான்.

மகளுக்கு மருத்துவம் மட்டும்தான் வேண்டும். விண்ணப்பத்தில் உள்ள ஐந்து தெரிவுகளையும் அதற்கே போடலாமா?

நான்குதான் அனுமதி. ஐந்தாவதற்கு உயிர்மருத்துவ அறிவியல் போன்ற வேறொன்றைப் போடலாம். மருத்துவப் படிப்புக்கான யூகேட் (UCAT) நுழைவுத் தேர்வைக் கோடையிலேயே எழுதச் சொல்லுங்கள்: புள்ளி 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பல்கலைக்கழகம் அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறது என்று பார்த்தே நான்கையும் தெரிவு செய்ய வேண்டும்.

ஜனவரியில் அனுப்பினால் போதும்தானே?

முதல் பதிலைப் பாருங்கள். பள்ளியின் தேதியைக் கேளுங்கள்.

ஃபேர்ம் (முதல் தெரிவு), இன்சூரன்ஸ் (காப்புத் தெரிவு) இரண்டிலும் மூன்று ஏ கேட்கிறார்கள். பரவாயில்லையா?

அது காப்பே அல்ல. ஒரு ஏ தவறினால் இரண்டும் ஒன்றாகக் கைவிட்டுப் போகக்கூடும். ஏபிபி (ஒரு ஏ, இரண்டு பி) கேட்கும் இடமொன்று கையில் இருந்தால் அதைக் காப்பாக வையுங்கள். அங்கே போய்ப் படிக்கப் பிள்ளைக்கு மனம் இருக்க வேண்டும்.

நாங்கள் இத்தாலியிலிருந்து வந்தவர்கள். உள்நாட்டுக் கட்டணம் கிடைக்குமா?

விசாவையும் வதிவிட ஆண்டுகளையும் பொறுத்தது. வெளிநாட்டு மாணவர்களுக்கு வழிகாட்டும் யுகிசா (UKCISA) அமைப்பின் வழிகாட்டலைப் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் கேளுங்கள்.

மாணவர் கடன் வாங்கப் பயமாக இருக்கிறது.

இங்கிலாந்தில் 2023 ஆகஸ்ட் முதல் படிப்பைத் தொடங்கியவர்கள், ஆண்டுக்கு 25,000 பவுணுக்கு மேல் உழைக்கும் தொகையில் மட்டுமே 9 வீதம் கட்டுகிறார்கள். 30,000 உழைத்தால் ஆண்டுக்கு 450. நாற்பது ஆண்டுகளில் மிச்சம் தள்ளுபடியாகும். வட்டி உண்டு, ஆனாலும் வங்கிக் கடனைப் போல இதற்கு வீட்டை ஈடு வைப்பதில்லை.

ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பமாகப் போகிறோம். பெறுபேறு இணையத்தில் வரும்தானே?

வரும். ஆனால் புள்ளி குறைந்தால் கிளியரிங்கில் (நிரம்பாத இடங்களுக்கு மாணவர்களைச் சேர்க்கும் முறை) இடம் தேடிப் பல்கலைக்கழகங்களை அழைக்க வேண்டும். அவர்கள் மாணவரோடுதான் பேசுவார்கள், நல்ல இடங்கள் காலையிலேயே நிரம்பிவிடும். இங்கிலாந்தில் காலை 8 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் நண்பகல் 12.30. பெறுபேறு வரும் வாரம் பிள்ளை இங்கே, பள்ளிக்கு அருகில் இருப்பதுபோலப் பயணச்சீட்டை எடுங்கள்.