செவலைக் குதிரை, தாய்வழி, கோழித் தீவனம்: கேள்வி பதில்

போன வாரம் பேச்சுவாக்கில் செக்ரட்டேரியட் என்ற அமெரிக்கப் பந்தயக் குதிரையைப் பற்றி நாலு வரி சொன்னேன். அதற்கு இத்தனை கேள்வியா! நான் கால்நடை மருத்துவன். முதல் ஆறு வருஷம் ஒரு ரேஸ் குதிரைப் பண்ணையில் வேலை, அப்புறம் ஓய்வு பெறும்வரை காங்கேயம், தாராபுரம் பக்கம் மாடுகளோடு. தெரிந்ததற்குப் பதில் சொல்கிறேன். தொடங்கும் முன் ஒன்று: குதிரை வைத்திருப்பவர்கள் கோழித் தீவன மூட்டையை லாயத்துப் பக்கமே கொண்டுவர வேண்டாம். ஏன் என்று கீழே வரும்.

பல்லடம்: அந்தக் குதிரை அப்படி என்னதான் செய்தது, அண்ணா?

1973 ஜூன் 9, நியூயார்க்கில் பெல்மான்ட் பந்தயம். தூரம் ஒன்றரை மைல், அதாவது சுமார் 2,400 மீட்டர். ஓடியது ஐந்தே குதிரைகள். செக்ரட்டேரியட் 2 நிமிடம் 24 விநாடியில் முடித்தது. இரண்டாவதாக வந்த குதிரை 31 குதிரை நீளம் பின்னால். நம்மூர் ரேக்ளா 200 மீட்டர் தூரத்தில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மண் தடத்தில் அந்தத் தூரத்துக்கு அந்த நேரத்தை இன்றுவரை எந்தக் குதிரையும் தொடவில்லை. ஜெயித்த சீட்டுகளில் 5,617 சீட்டுகளுக்குப் பணமே வாங்காமல் ஞாபகார்த்தமாக வைத்துக்கொண்டார்கள் என்றால் பாருங்கள்.

என்னைக் கேட்டால் அதைவிடப் பெரியது அதற்கு ஐந்து வாரம் முன்னால் ஓடிய கென்டக்கி டெர்பி. ஒன்றேகால் மைல், 1 நிமிடம் 59.4 விநாடி. அதை ஐந்து கால் மைல்களாகப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் முந்தையதைவிட வேகம். எந்தக் குதிரையும் கடைசியில் தளரும். இது கடைசிக் கால் மைலைத்தான் எல்லாவற்றிலும் வேகமாக ஓடியது.

தோற்கவே இல்லை என்று நினைக்க வேண்டாம். 21 ஓட்டத்தில் 16 வெற்றி. முதல் ஓட்டத்தில் இடிபட்டு நான்காவது. டெர்பிக்கு முந்தைய ஓட்டத்தில் வாயில் சீழ்க்கட்டியோடு ஓடி மூன்றாவது. பெல்மான்டுக்குப் பிறகும், அவ்வளவு பெயரெடுத்த அதே வருஷத்தில், ஆனியன் என்ற குதிரையிடம் தோற்றது. ஆமாம், வெங்காயம்தான்.

பெருந்துறை: ரேஸ் குதிரை என்ன விலை வரும்?

ஆயிரத்திலும் உண்டு, கோடியிலும் உண்டு. வாங்கும் விலையை விட்டுவிட்டு மாதச் செலவைக் கேளுங்கள்.

அந்தியூர்: ஆடித் தேர்த் திருவிழாச் சந்தைக்குப் போகிறேன். "ஒரிஜினல் ரேஸ் பிரீட்" என்று சொல்லித் தருகிறார்கள். வாங்கலாமா?

குருநாதசாமி கோயில் சந்தைக்கு நானும் வருஷம் தவறாமல் போகிறவன்தான். மார்வாரி, கத்தியவாரி, நாட்டுக் குதிரை, மட்டக்குதிரை எல்லாம் வரும். பார்க்கவே ஒரு நாள் போதாது. ஆனால் தரோபிரெட், அதாவது பந்தயக் குதிரை இனம், என்ற பேச்சு வந்தால் முதல் கேள்வி, காகிதம் எங்கே?

தரோபிரெட் என்பது உயரமான, மெலிந்த குதிரைக்கு வைத்த பெயர் அல்ல. அது ஒரு மூடிய பதிவேடு. இங்கிலாந்தில் 1793-ல் முதல் தொகுதி வந்தது. தாயும் தகப்பனும் அந்த ஏட்டில் இருந்தால்தான் குட்டியும் ஏட்டில் ஏறும். நம் நாட்டுக்கான பதிவேடு புனேயில் இருக்கிறது. பதிவான குதிரைக்குக் கழுத்தில் மைக்ரோசிப் உண்டு, பெற்றோர் யார் என்று மரபணுச் சோதனை உண்டு, உடம்பின் வெள்ளைக்குறி, சுழி எல்லாம் வரைந்த கடவுச்சீட்டு உண்டு. இவை இல்லாவிட்டால் அது நல்ல குதிரையாக இருக்கலாம், தரோபிரெட் என்று விலை கொடுக்காதீர்கள்.

இந்தப் புத்தியை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். நண்பருக்காக ஒருவரிடம் வாங்கித் தந்தேன். காகிதம் "அடுத்த வாரம் வரும்" என்றார். அந்த அடுத்த வாரம் வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது.

கோபி: சுழி பார்த்து வாங்குவது சரியா? வீட்டில் பெரியவர்கள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

பெரியவர்கள் மனம் நோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுழி அடையாளத்துக்கு உதவும், இப்போதுதான் சொன்னேன், கடவுச்சீட்டிலேயே வரைகிறார்கள். வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. செக்ரட்டேரியட் செவலை. நெற்றியில் வெள்ளை, கால் மூன்று வெள்ளை. இன்னொரு காலும் வெளுத்திருந்தால் பஞ்சகல்யாணி ஆகியிருக்கும். அந்த ஒரு கால் குறைந்ததால் குதிரைக்கு ஒன்றும் நஷ்டம் இல்லை. சுழி பார்க்கும் நேரத்தில் முன்னங்கால் நேராக இறங்குகிறதா, குளம்பு இரண்டும் ஒரே அளவா, நடக்கும்போது தலையை ஆட்டுகிறதா என்று பாருங்கள்.

தாராபுரம்: வெள்ளைக் குதிரையின் குட்டி கருப்பாகப் பிறந்திருக்கிறது. ஏமாற்றி விட்டார்களா?

இல்லை கண்ணு. காங்கேயம் கன்று சிவப்பாகப் பிறந்து ஆறு மாதத்தில் நிறம் மாறுவதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்களே இப்படிக் கேட்கலாமா? நரைக்குதிரையும் அடர்நிறமாகப் பிறந்து வருஷத்துக்கு வருஷம் வெளுக்கும். தாய் தகப்பனில் ஒன்றாவது நரையாக இருந்தால்தான் குட்டி நரைக்கும். விற்பவர் பொய் சொன்னால் கண்டுபிடிக்க இது உதவும். வயதான நரைக்குதிரைக்கு வாலடியில் கருப்புக் கட்டிகள் வருவது சகஜம், தடவிப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

சென்னிமலை: என்ன தீனி போடலாம்? வீட்டில் சோளத்தட்டு நிறைய இருக்கிறது.

முதலில் ஒன்று: குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தப்பாக உள்ளே போனது அப்படியே உள்ளேதான். கொஞ்சம் கொஞ்சமாக, நாளெல்லாம் புல் தின்னும்படி அமைந்த வயிறு அது. காலையில் ஒரு கூடை கொள்ளு, ராத்திரி ஒரு கூடை கொள்ளு என்று போட்டால் வயிற்றுவலி வந்து உருளும். 450 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஏழு கிலோ உலர்புல் வேண்டும். கொறங்காட்டு மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள், கொழுக்கட்டைப்புல் அருமையான தீனி.

பச்சைச் சோளத்தில் மேய விடாதீர்கள். மாட்டுக்கு இளஞ்சோளம் ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். குதிரைக்கு நாள்பட்ட மேய்ச்சலில் வேறு மாதிரிக் கேடு: பின்னங்கால் தள்ளாடும், மூத்திரம் அடக்க முடியாமல் ஒழுகும். நன்றாகக் காய்ந்த தட்டில் ஆபத்து குறைவு.

இனி கோழித் தீவனம். நாமக்கல், பல்லடம் பக்கம் வீட்டுக்கு வீடு பண்ணை. மூட்டை மலிவாகக் கிடைக்கிறது, புரதம் அதிகம் என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். பல கோழித் தீவனங்களில் ரத்தக்கழிச்சல் வராமல் இருக்க மோனென்சின், சாலினோமைசின் மாதிரி மருந்து கலந்திருக்கும். கோழி தாங்கும். குதிரைக்கு மிகச் சிறிய அளவே இதயத் தசையை அழித்துவிடும். மாற்று மருந்து கிடையாது. பிழைத்தாலும் சவாரிக்கு ஆகாது. சில மாட்டுத் தீவனத்திலும் இது உண்டு, சீட்டைப் படியுங்கள்.

ஈரோடு: இந்த வாரம் எந்தக் குதிரையில் கட்டலாம்?

கட்டுத்தறியில் கட்டுங்கள்.

அவிநாசி: ரேஸ் குதிரை விலை எவ்வளவு?

மேலே பெருந்துறைக்காரருக்குச் சொல்லியாயிற்று.

காங்கேயம்: ஒரு சினை ஊசி போட்டால் அமெரிக்கக் குதிரையின் குட்டி இங்கேயே பிறக்குமே? எதற்கு இத்தனை செலவு?

மற்ற இனத்தில் செய்யலாம். தரோபிரெட்டில் ஊசிக் குட்டி பதிவேட்டில் ஏறாது, உலகம் முழுக்க இதுதான் விதி. நேரடிச் சேர்க்கைதான். சினைக்காலமும் மாட்டைவிட நீளம், சுமார் 340 நாள்.

அதே காங்கேயம்காரர்: சரி, அப்படியானால் பொலிகுதிரைதானே எல்லாம்? எங்கள் தோட்டத்தில் மூணு தலைமுறையாகப் பூச்சிக்காளையை, அதாவது பொலிகாளையைப் பார்த்துத்தான் கன்று எடுக்கிறோம். தாய் வெறும் நிலம், விதைதான் முக்கியம்.

வந்துவிட்டீர்களா! இதற்காகத்தான் காத்திருந்தேன்.

செக்ரட்டேரியட்டின் தகப்பன் போல்ட் ரூலர். எட்டு வருஷம் அமெரிக்காவின் முதல்நிலைப் பொலிகுதிரை. ஆனால் அதன் குட்டிகள் வேகமாக ஓடும், தூரம் தாங்காது என்று பெயர். தாய் சம்திங்ராயல், அதன் தகப்பன் பிரின்ஸ்குவில்லோ. அந்தப் பக்கம்தான் தூரம் தாங்கும் ரத்தம். ஒன்றரை மைல் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

இன்னொரு கதை. போல்ட் ரூலர் பிப்ஸ் குடும்பத்துக்குச் சொந்தம், சம்திங்ராயல் பென்னி செனரியின் குடும்பத்துக்குச் சொந்தம். சேர்க்கைக்குப் பணம் வாங்காமல், பிறக்கும் குட்டிகளைப் பங்கு போட்டுக்கொள்ள ஒப்பந்தம். யாருக்கு எது என்று 1969-ல் நாணயம் சுண்டினார்கள். ஜெயித்தவருக்கு அந்த வருஷத்துக் குட்டிகளில் முதல் தேர்வு, தோற்றவருக்கு இன்னொன்றும், சம்திங்ராயல் வயிற்றில் இருந்த அடுத்ததும். ஜெயித்த பிப்ஸ் சம்திங்ராயலின் பெண் குட்டியை எடுத்தார். பெயர் தி பிரைடு. தோற்ற பென்னி செனரிக்கு வயிற்றில் இருந்தது கிடைத்தது. அதுதான் 1970 மார்ச் 30-ல் பிறந்த செவலை. இரண்டுக்கும் ஒரே தாய், ஒரே தகப்பன். அக்கா ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. விதைதான் எல்லாம் என்றால் அக்காவுக்கு என்ன ஆயிற்று?

காங்கேயம்: ஒன்று தவறினால் காளையைக் குறை சொல்ல முடியுமா? பத்துக் கன்றில் எட்டு தேறினால் அது நல்ல காளை.

கணக்கு சரி. அந்தக் கணக்கையே செக்ரட்டேரியட்டுக்குப் போடுவோம். அதற்கு 60 லட்சம் டாலருக்கு மேல் பங்கு விற்றார்கள். தன்னைப் போல ஒரு ஆண் குட்டி பிறக்கும் என்று காத்திருந்தார்கள். 1988-ல் பிரீக்னஸும் பெல்மான்டும் ஜெயித்த ரைசன் ஸ்டார் வந்தது, மெல்போர்ன் கோப்பை ஜெயித்த கிங்ஸ்டன் ரூல் வந்தது, ஆனால் இன்னொரு செக்ரட்டேரியட் வரவே இல்லை. தோல்வி என்று எழுதிவிட்டார்கள். அப்புறம் மகள்கள் குட்டி போடத் தொடங்கின. ஏ.பி. இண்டி, ஸ்டார்ம் கேட், கான் வெஸ்ட். மூன்றும் செக்ரட்டேரியட்டின் மகள் வயிற்றுப் பேரன்கள், மூன்றும் பெரிய பொலிகுதிரைகள். ஸ்டார்ம் கேட்டின் ஒரு சேர்க்கைக்கு ஒரு காலத்தில் ஐந்து லட்சம் டாலர்.

சத்தியமங்கலம்: குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும், ஐயா. நான் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். தகப்பனின் எக்ஸ் குரோமோசோம் மகளுக்கு மட்டும்தானே போகும்? செக்ரட்டேரியட்டுக்கு இதயம் பெரிது என்கிறார்களே, அதற்கான மரபணு அதில் இருந்தால் மகள் வழிப் பேரன்களுக்கு வந்த காரணம் விளங்குமே?

நல்ல கேள்வி அம்மணி. அப்படி ஒரு கருத்து உண்டு. 1989 அக்டோபர் 4-ல் குளம்பு நோய் முற்றி செக்ரட்டேரியட்டைக் கருணைக்கொலை செய்தார்கள். உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர் இதயம் 22 பவுண்டு இருக்கும் என்றார், பத்து கிலோ. சாதாரணக் குதிரைக்கு நாலு கிலோ. ஆனால் அவர் தராசில் வைக்கவில்லை, கண்மதிப்புதான். நிறுத்துப் பார்த்தது ஷாம் என்ற குதிரையின் இதயத்தை, 18 பவுண்டு. ஷாம் யார் தெரியுமா? டெர்பியில் செக்ரட்டேரியட்டிடம் தோற்று இரண்டாவதாக வந்தது. பாவம், வேறு எந்த வருஷம் பிறந்திருந்தாலும் ராஜா.

எக்ஸ் குரோமோசோமில் "பெரிய இதய மரபணு" இருக்கிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. அழகான கதை என்பதாலேயே நான் சந்தேகப்படுகிறேன். எனக்குத் தோன்றும் காரணம் எளியது. அவ்வளவு விலை கொடுத்த குதிரைக்கு நாட்டின் சிறந்த தாய்க்குதிரைகளை அனுப்பினார்கள். பிறந்த மகள்களும் உயர்ந்த குடும்பம், அவற்றையும் சிறந்த பொலிகுதிரைகளிடம் அனுப்பினார்கள். ஏ.பி. இண்டியின் தகப்பன் சியாட்டில் ஸ்லூ, 1977-ல் டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் என்ற மூன்று பெரிய பந்தயத்தையும் ஜெயித்தது.

காங்கேயம்: பார்த்தீர்களா! கடைசியில் நீங்களே தகப்பனிடம்தான் வந்து நிற்கிறீர்கள்.

அதன் தாயையும் சேர்த்துத்தான் சொன்னேன் மாமா! இன்று உலகத்திலுள்ள தரோபிரெட் ஆண்களில் இருபதில் பத்தொன்பது, ஆண்வழியில் டார்லி அரேபியன் என்ற ஒரே குதிரையிடம் போய் முடியும். செக்ரட்டேரியட்டும் அந்த வழிதான், கடைசி இடத்தில் வரும் குதிரையும் அந்த வழிதான். அப்புறம் தகப்பன் வழியை மட்டும் வைத்து எதை எதிலிருந்து பிரிப்பீர்கள்? உங்கள் வீட்டில் அப்பா காளையைப் பார்த்தார், சரி. எந்த மாட்டின் கன்றை விற்காமல் வைத்துக்கொள்வது என்று அம்மாதானே முடிவு செய்தார்?

காங்கேயம்: ... அது உண்மைதான்.

நன்றி. ஒரு மணி நேரம் போயிற்று.

கோவை: எங்கள் ரேஸ்கோர்ஸில் எப்போது குதிரை ஓடியது?

வெள்ளைக்காரர் காலத்தில். இப்போது ஓடுவது சர்க்கரை அளவைக் குறைக்க நினைக்கும் நாம்தான்.

குன்னூர்: ஊட்டி ரேஸ்?

2024-ல் மைதானத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதற்கு மேல் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

திருச்செங்கோடு: நல்ல ரேஸ் குதிரை விலை...

பெருந்துறை. மேலே. பெருந்துறை.

பரமத்திவேலூர்: ஐயா, எங்கள் குதிரை நேற்று ராத்திரி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்க் கோழித் தீவன மூட்டையைக் கிழித்திருக்கிறது. எவ்வளவு தின்றது என்று தெரியவில்லை. காலையிலிருந்து தீனி எடுக்கவில்லை, நின்ற இடத்திலேயே வேர்க்கிறது. வயிற்றுவலி என்று நினைத்து நடக்க வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நடக்க வைப்பதை இந்த நிமிஷமே நிறுத்து தம்பி. நிழலில் அப்படியே நிற்கட்டும், அலுங்கக் கூடாது, வண்டியில் ஏற்றாதே. மருத்துவரை லாயத்துக்கே வரச் சொல். மூட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் பிய்த்து வைத்துக்கொள், மருந்தின் பெயர் அதில்தான் இருக்கும். போனில் பேசும்போதே அதைப் படித்துக் காட்டு. அவர் வந்ததும் எனக்குக் கூப்பிடச் சொல்.

மற்றவர்கள் கேள்வி இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.