வாசகர் கேள்வி–பதில்: வீட்டு வண்டியில் ஒரு நாளுக்கு எவ்வளவு தூரம்?

கேள்வி: நானும் என் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள். ஒன்பது மீட்டர் நீளமுள்ள மோட்டார் ஹோம் (படுக்கை, சமையலறை எல்லாம் உள்ளேயே அமைந்த வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து, 24 நாள்களில் ஏறத்தாழ 5,400 கிலோமீட்டர் சுற்றிவரத் திட்டமிட்டிருக்கிறோம். காரில் ஒரே நாளில் 800 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவன் நான். ஆகவே நாளொன்றுக்கு 600 கிலோமீட்டர் வீதம் ஒன்பது நாள்களில் ஓட்டத்தை முடித்துக்கொண்டு, எஞ்சிய 15 நாள்களை இடங்களைப் பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. ஒரு நாளும் 300 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது என் மனைவியின் கட்சி. எது நடைமுறைக்கு ஒத்துவரும்?

பதில்: உங்கள் மனைவி சொல்வதே உண்மைக்கு நெருக்கமானது. ஆனால் நீங்கள் இருவருமே கிலோமீட்டரிலிருந்து கணக்கைத் தொடங்குகிறீர்கள். இத்தகைய பயணத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியவை, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஸ்டீயரிங் பிடிப்பது என்பதும், எத்தனை மணிக்குள் முகாமை (இரவில் வண்டியை நிறுத்தி, மின்சாரமும் தண்ணீரும் இணைத்துக்கொள்ளும் இடத்தை) சேர்வது என்பதும்தான். இவ்விரண்டும் தெளிவானால் தூரம் தானே கிடைத்துவிடும்.

நீங்கள் சொல்லும் 600 கிலோமீட்டரையே எடுத்துக்கொள்வோம். நல்ல நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரில் வண்டியை ஓட்டினாலும், ஏற்றம், ஊர்களின் நுழைவு, சாலைப்பணி, சிக்னல் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி வேகம் 75 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. அப்படியானால் ஓட்டம் மட்டுமே எட்டு மணி நேரம். எரிபொருள் நிரப்புவதற்கு அரை மணி, மதிய உணவுக்கு முக்கால் மணி, இடையிடையே காலை நீட்டி நிற்பதற்கு மூன்று முறை கால் மணி என்று கூட்டினால் பத்து மணி நேரம் ஆகிவிடும். இத்துடன் நாள் முடிவதில்லை. காலையில் மின்கம்பியையும் தண்ணீர்க் குழாயையும் கழற்றி, கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்து, உள்ளே உருளக்கூடிய ஒவ்வொன்றையும் அடக்கி வைத்துக் கிளம்பவே முக்கால் மணி வேண்டும். மாலையில் வண்டியைப் பின்னோக்கி எடுத்து நிறுத்தி, மட்டம் பார்த்து, எல்லாவற்றையும் மீண்டும் இணைக்க இன்னொரு முக்கால் மணி. ஆக, பதினொன்றரை மணி நேர வேலை நாள் அது. காரில் 800 கிலோமீட்டர் ஓட்டிய அன்று இரவு, சாவியை வாங்கிக்கொண்டு விடுதி அறைக்குள் நுழைந்திருப்பீர்கள். இங்கே அந்த விடுதியையும் நீங்களேதான் அமைத்தாக வேண்டும்.

கனரக வாகன ஓட்டுநர்களுக்கான விதிகள் இதற்கு நல்ல அளவுகோல். ஐரோப்பிய ஒன்றியத்தில் நான்கரை மணி நேரம் ஓட்டியவர் 45 நிமிடம் இடைவேளை எடுத்தாக வேண்டும். ஒரு நாளின் ஓட்ட நேரம் பொதுவாக 9 மணி நேரம், வாரத்தில் இரு நாள்கள் மட்டும் 10 மணி நேரம் வரை போகலாம். அமெரிக்காவில் சரக்கு வாகன ஓட்டுநருக்கு 11 மணி நேரம் வரை அனுமதி உண்டு. எனினும் அதற்கு முன் தொடர்ச்சியாக 10 மணி நேரம் பணியில்லாமல் இருந்திருக்க வேண்டும். தினந்தோறும் இதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு, சட்டம் வரைந்திருக்கும் வெளி எல்லைகள் இவை. விடுமுறைக்காகப் புறப்படும் நீங்கள் நாள்தோறும் அந்த எல்லை வரை போய் நிற்க வேண்டிய காரணம் ஏதும் இல்லை.

ஸ்டீயரிங் முன் ஐந்து மணி நேரம், மாலை மூன்று அல்லது நான்கு மணிக்குள் முகாம் என்பதை என் அளவாகச் சொல்வேன். சமவெளி நெடுஞ்சாலையில் இது 375 கிலோமீட்டர் வரை வரும். ஊர்களின் வழியே செல்லும் இருவழிச் சாலையில் சராசரி 60 என்றால் 300 கிலோமீட்டர். மலைச்சாலையில் சராசரி 45 அளவுக்கு இறங்கிவிடும் என்பதோடு, அங்கே களைப்பும் விரைவில் வரும் என்பதால், நான்கு மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டு 180 கிலோமீட்டரே போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே பயணம் முழுவதற்கும் ஒரே எண்ணை நிர்ணயிப்பதில் பொருளில்லை. ஒவ்வொரு நாளின் சாலையையும் பார்த்தே அந்த நாளின் தூரத்தை எழுத வேண்டும்.

இனி உங்கள் 24 நாள்களுக்கு வருவோம். 16 நாள்கள் ஓட்டம், 8 நாள்கள் நிற்பது என்று பிரித்தால், ஓட்டும் நாளுக்குச் சராசரியாக 340 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே வரும். இந்த ஏற்பாட்டில் பார்ப்பதற்கான நாள்கள் 15லிருந்து 8 ஆகக் குறைகின்றனவே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் 600 கிலோமீட்டர் ஓட்டும் நாளில் எதையும் பார்க்க இயலாது. அதற்கு மறுநாளின் பாதியும் உறக்கத்திலும் அலுப்பிலும் போய்விடும். 340 கிலோமீட்டர் நாளிலோ, மாலைப் பொழுது முழுவதும் உங்கள் கையில் மிஞ்சும். மேலும், வரைபடத்தில் 5,400 என்பது, கடைக்கும் எரிபொருளுக்கும் வழி விலகிப் போவதையும், சேர்ந்த இடத்தில் சுற்றுவதையும் சேர்த்தால், ஓடோமீட்டரில் 6,000 ஆக ஏறினாலும் வியப்பதற்கில்லை. அப்போதும் நாளுக்கு 375தான் வரும் என்பதால் திட்டம் குலையாது. வாடகை ஒப்பந்தத்தில் கிலோமீட்டர் வரம்பு இருந்தால், இந்த 6,000 என்ற எண்ணை வைத்தே பேசி முடியுங்கள்.

நிற்கும் எட்டு நாள்களில் இரண்டை எந்த இடத்திற்கும் ஒதுக்காமல் விட்டு வையுங்கள். மழை, பலத்த காற்று, பழுது, காய்ச்சல் என ஏதேனும் ஒன்று வந்தே தீரும். வராவிட்டால் பிடித்த இடத்தில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கலாம். எட்டு நாள் போதவில்லை என்று பட்டால், நாளின் ஓட்டத்தைக் கூட்டாமல், வழித்தடத்திலிருந்து ஏதாவது ஓர் இடத்தை நீக்குவதே நல்லது. முதல் இரண்டு நாள்களை 150 அல்லது 200 கிலோமீட்டருக்குள் அடக்கிவிடுங்கள். அந்த வண்டி திரும்பும்போது அதன் பின்பகுதி எவ்வளவு வெளியே வீசுகிறது, பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பவற்றை அறிந்துகொள்ள அவ்வளவு அவகாசம் வேண்டும். வாரத்தில் ஒரு நாள் 500 கிலோமீட்டர் ஓட்ட நேர்ந்தால் குற்றமில்லை. அடுத்த நாள் வண்டி நகராமல் பார்த்துக்கொண்டால் சரி.

கேள்வி: ‘மூன்று–மூன்று–மூன்று’ விதி என்று இத்துறையில் சொல்கிறார்களே, அதை அப்படியே பின்பற்றலாமா?

பதில்: ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, பிற்பகல் 3 மணிக்குள் சேர்ந்துவிடு, சேர்ந்த இடத்தில் 3 இரவுகள் தங்கு என்பதே அந்த விதி. சொல்பவரைப் பொறுத்து விவரம் சற்று மாறும். இதன் நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் 300 மைல் என்பது ஏறக்குறைய 480 கிலோமீட்டர். மேலே சொன்ன 75 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் ஆறு மணி இருபத்தைந்து நிமிட ஓட்டம், இடைவேளைகளோடு எட்டு மணி நேரம். மூன்று மணிக்குள் சேர வேண்டுமானால் காலை ஏழு மணிக்கு வண்டி நகர்ந்திருக்க வேண்டும். அதற்கு ஆறு மணிக்கெல்லாம் குழாய்களைக் கழற்றத் தொடங்க வேண்டும். அதிகாலையில் எழும் பழக்கம் இல்லாதவர்களுக்கு விதியின் முதல் மூன்றும் இரண்டாம் மூன்றும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். இதன் தம்பியான ‘இரண்டு–இரண்டு–இரண்டு’ விதியில் (200 மைல், 2 மணி, 2 இரவுகள்) அந்த முரண் இல்லை: 320 கிலோமீட்டரை நிதானமாகக் கடக்க ஐந்து மணி நேரம் போதும் என்பதால், ஒன்பது மணிக்குப் புறப்பட்டாலும் இரண்டு மணிக்குச் சேர்ந்துவிடலாம்.

பிற்பகலுக்குள் சேர்வதை நான் வலியுறுத்துவதற்கு உடல் சார்ந்த காரணமும் உண்டு. மனித உடலின் உள்கடிகாரத்தில் விழிப்பு தாழும் நேரங்கள் இரண்டு: நள்ளிரவுக்குப் பின் விடியும் வரை ஒன்று, பிற்பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் மற்றொன்று. உணவு உண்டதும் உண்ணாததும் இரண்டாம் தாழ்வை முழுமையாகத் தீர்மானிப்பதில்லை. அந்த நேரத்தில் கண் சொக்கினால் ஜன்னலைத் திறப்பதும் பாட்டை உரக்க வைப்பதும் பயன் தரா. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 15 முதல் 20 நிமிடம் உறங்குவதே மருந்து. காபி குடித்துவிட்டு உறங்கினால், அதன் வேலை தொடங்க ஏறத்தாழ அரை மணி ஆகும் என்பதால், எழும்போது இரண்டும் சேர்ந்து துணை நிற்கும். படுக்கை பின்னாலேயே இருப்பது இந்த வண்டியின் பெரிய வசதி; அதைப் பகலில் பயன்படுத்தத் தயங்குபவர்களே மிகுதி.

கேள்வி: வழிகாட்டிச் செயலி ‘4 மணி 10 நிமிடம்’ என்று காட்டினால், உண்மையில் எவ்வளவு ஆகும்?

பதில்: பொதுவான செயலிகள் காரின் வேகத்தை வைத்தே கணக்கிடுகின்றன. அந்த நேரத்தோடு கால் பங்கைக் கூட்டினால் ஓட்ட நேரம் கிடைக்கும். இடைவேளைகளை அதன்மேல் தனியாகக் கூட்டுங்கள். உங்கள் 4 மணி 10 நிமிடம், வாசலிலிருந்து வாசல் வரை ஆறு மணி நேரத்தைத் தொடும். வண்டியின் உயரம், நீளம், எடை ஆகியவற்றைப் பதிவு செய்துகொண்டு, தாழ்வான பாலங்களையும் எடை வரம்புள்ள சாலைகளையும் தவிர்த்து வழி காட்டும் தனிக் கருவிகள் உள்ளன. நீண்ட பயணத்திற்கு அவற்றுள் ஒன்று இருப்பது நல்லது. கிழக்கு நோக்கிச் செல்லும்போது நேர மண்டலம் மாறினால் ஒரு மணி நேரம் கையைவிட்டுப் போகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் ஓட்டத் தெரிந்தவர்கள் இருவர். ஒருவர் ஓட்ட மற்றவர் பின்னால் படுத்து உறங்கினால், நாளின் தூரத்தை இரட்டிப்பாக்கலாம் அல்லவா?

பதில்: ஓடும் வண்டியின் படுக்கையில் ஒருவர் படுத்திருப்பதை முதலில் திட்டத்திலிருந்து நீக்கிவிடுங்கள். அவசர பிரேக் போட்டால், சீட் பெல்ட் இல்லாத உடல் முன்னோக்கி எறியப்படும். பல இடங்களில் இது சட்டப்படியும் குற்றம். பெல்ட் உள்ள இருக்கையில் அமர்ந்து கண்ணயர்வது முழு ஓய்வு ஆகாது. அருகில் இருப்பவர் பெரும்பாலும் வழி பார்ப்பதிலும் பேச்சுக் கொடுப்பதிலும் விழித்தே இருப்பார். இருவர் ஓட்டுவதால் களைப்பு பகிரப்படுகிறதே தவிர, நாளின் நீளம் கூடுவதில்லை. இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை கைமாற்றிக்கொண்டு, ஐந்து மணி ஓட்டத்தை ஆறாக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். கைமாற்றும்போது எல்லோரும் இறங்கிச் சிறிது நடந்துவிட்டு ஏறுங்கள். நான்கு மணி நேரத்திற்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணித்தால் கால் நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. வயதானவர்களுக்கு இது மேலும் பொருந்தும்.

கேள்வி: கொஞ்சம் வேகமாக ஓட்டி நேரத்தை மிச்சப்படுத்தினால் என்ன?

பதில்: மிச்சமாவது மிகச் சிறிது. 300 கிலோமீட்டரை மணிக்கு 100இல் கடந்தால் மூன்று மணி நேரம். 85இல் கடந்தால் மூன்றரை மணி நேரத்திற்குச் சற்று மேல். இந்த அரை மணிக்காக நீங்கள் தரும் விலை பெரிது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயர்வதால், 100லிருந்து 85க்குக் குறைக்கும்போது அது கால் பங்குக்கு மேல் குறைகிறது. சுவர் போன்ற முகப்புள்ள இந்த வண்டியில் எரிபொருள் பெரும்பாலும் அங்கேதான் கரைகிறது. இழுத்துச் செல்லும் டிரெய்லராக இருந்தால் இன்னொன்றும் உண்டு: டிரெய்லருக்கென்றே செய்யப்படும் டயர்களில் பல மணிக்கு 65 மைல், அதாவது சுமார் 105 கிலோமீட்டர் வேகத்திற்கு மட்டுமே ஏற்றவை.

மலையில் இந்தக் கேள்வியே எழாது. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் அமைப்பு) இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்திற்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு ஆற்றலை இழக்கும் என்பதால், ஏற்றத்தில் வண்டி தன் வேகத்தைத் தானே தீர்மானித்துக்கொள்ளும். இறக்கத்தில், தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து எஞ்சினால் வண்டியைப் பிடிக்க வேண்டும்; பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தபடி இறங்கினால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். பக்கவாட்டுக் காற்று பலமாக வீசும் நாளில், ஒதுக்கி வைத்த உபரி நாள்களில் ஒன்றைத் தயங்காமல் செலவிடுங்கள்.

கேள்வி: வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் கடைசி நாளுக்கு எவ்வளவு தூரம் வைக்கலாம்?

பதில்: 100 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். பெரும்பாலான வாடகை நிறுவனங்கள் காலையிலேயே வண்டியைக் கேட்கும். தாமதத்திற்குத் தனிக் கட்டணமும் இருக்கும். அதற்குள் கழிவுநீர்த் தொட்டிகளைக் காலி செய்து, எரிபொருளையும் சமையல் எரிவாயுவையும் ஒப்பந்தப்படி நிரப்பி, உள்ளே துடைத்து, பெட்டிகளைக் கட்டியாக வேண்டும். முந்தைய நாள் நண்பகலுக்குள் அருகிலுள்ள முகாமுக்கு வந்துவிட்டால், இவற்றில் பாதியை அன்று மாலையே முடித்துவிடலாம்.