விசுவாசக் குறைவு இல்லை, சகோதரி

வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகும் உங்களிடம், "விசுவாசம் குறைவு, அதனால்தான் சுகமாகவில்லை" என்று ஜெபக்கூட்டத்தில் சொன்னார்களாமே. நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனசு வலித்தது. 2 கொரிந்தியர் 12-ஐப் பாருங்கள். அப்போஸ்தலர் பவுல் மூன்று முறை வேண்டியும், 'மாம்சத்தில் முள்' என்று அவர் சொன்ன வேதனை போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கா விசுவாசம் குறைவு?

டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்டார். 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான். அங்கிருந்தே புத்தகங்கள் எழுதினார்.

என் அம்மாவும் டயாலிசிஸில் இருந்தவர். ஊசி ஏற்றும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டு 23-ஆம் சங்கீதம் சொல்வார். பாதியில் களைத்தால் பக்கத்துப் படுக்கை அக்கா மீதியைச் சொல்வார்.

அழுகை வந்தால் அழுங்கள் சகோதரி. அப்புறம், யார் சொன்னாலும் டயாலிசிஸை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.