பைராக்சீனும் அல்ட்ராமாஃபிக் பாறைகளும்: கேள்வி பதில்

கேள்வி: கறுப்பாகப் பளபளக்கும் கனிமம். பைராக்சீனா, ஹார்ன்பிளெண்டா?

பதில்: இரண்டுமே பாறைகளை ஆக்கும் சிலிகேட் கனிமங்கள். நிறத்தை விடுங்கள், பிளவுத்தளங்களை, அதாவது கனிமம் இயல்பாகப் பிளக்கும் தளங்களைப் பாருங்கள். இரண்டு தளங்கள் ஏறத்தாழ செங்கோணத்தில், அதாவது 87, 93 பாகைகளில் வெட்டிக்கொண்டால் பைராக்சீன். 56, 124 பாகைகளில் வெட்டிக்கொண்டால் ஹார்ன்பிளெண்ட் அடங்கிய ஆம்பிபோல் குடும்பம். கைலென்ஸ் போதும்.

கேள்வி: பைராக்சீனின் இரு வகைகளான ஆர்த்தோபைராக்சீனையும் கிளினோபைராக்சீனையும் எப்படிப் பிரிப்பது?

பதில்: ஆர்த்தோபைராக்சீனில் மக்னீசியமும் இரும்பும்தான் முக்கியம், கால்சியம் மிகச் சொற்பம். அதில் மக்னீசியம் மிகுந்த முனை வகைதான் என்ஸ்டடைட். டையாப்சைட், ஆகைட் போன்ற கிளினோ வகைகளில் கால்சியம் நிறைய உண்டு. நுண்ணோக்கியில் பார்க்க, பாறையை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, குறுக்கிட்ட முனைவாக்கிகளுக்கு (ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் தகடுகள்) இடையே வைத்துச் சுழற்றுங்கள்; சில நிலைகளில் கனிமம் இருண்டுவிடும். நீளவெட்டில் ஆர்த்தோ வகை, பிளவுக்கோடு முனைவாக்கியின் திசைக்கு இணையாக வரும்போது, அதாவது நேராக, இருளும். ஆகைட் 40 பாகை வரைகூடச் சாய்ந்து இருளும். ஒரே ஒரு துகளைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். சில வெட்டுகளில் கிளினோ வகையும் நேராக இருண்டு ஏமாற்றும்.

கேள்வி: பெரிடோடைட் பாறையில் பச்சையாக இருப்பதெல்லாம் ஆலிவின் (மக்னீசிய, இரும்பு சிலிகேட் கனிமம்) தானே?

பதில்: இல்லை. மரகதப் பச்சையில் மின்னுவது பெரும்பாலும் குரோமியம் கலந்த டையாப்சைட். ஆலிவினின் பச்சையில் மஞ்சள் கலந்திருக்கும். அது சீராகப் பிளக்காமல் கண்ணாடிபோல் உடையும். மறுபடியும் சொல்கிறேன், நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: லெர்சோலைட், ஹார்ஸ்பர்கைட் வேறுபாடு என்ன?

பதில்: நான் மிகவும் விரும்பும் கேள்வி இது. மாஃபிக் கனிமங்கள், அதாவது ஆலிவின், பைராக்சீன் போல மக்னீசியமும் இரும்பும் மிகுந்தவை, 90 சதவீதத்தைத் தாண்டினால் அல்ட்ராமாஃபிக் பாறை. அதில் ஆலிவின் 40 சதவீதத்துக்கு மேல் என்றால் பெரிடோடைட், குறைந்தால் பைராக்சினைட், 90ஐத் தாண்டினால் டியூனைட். பெரிடோடைட்டில் இருவகைப் பைராக்சீன்களும் இருந்தால் லெர்சோலைட். ஆர்த்தோ மட்டும் என்றால் ஹார்ஸ்பர்கைட். கிளினோ மட்டும் என்றால் வெர்லைட். புவியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள மூடகத்தில் லெர்சோலைட் பகுதியாக உருகும்போது கிளினோபைராக்சீன்தான் முதலில் தீர்ந்துபோகிறது. உருகிய பசால்ட் குழம்பு மேலே ஏறிவிட, எஞ்சி நிற்பது ஹார்ஸ்பர்கைட். எவ்வளவு உருகியது என்ற வரலாற்றையே இந்தப் பெயர்கள் சொல்கின்றன.

கேள்வி: அல்ட்ராமாஃபிக் என்றாலும் அல்ட்ராபேசிக் என்றாலும் ஒன்றுதானே? பைராக்சினைட் அல்ட்ராபேசிக் என்றே படித்தோம்.

பதில்: ஒன்றல்ல. முன்னது கனிமக் கணக்கு. பின்னது வேதியியல் கணக்கு, சிலிக்கா (சிலிக்கன் டைஆக்சைடு) 45 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். தூய என்ஸ்டடைட்டில் சிலிக்கா சுமார் 60 சதவீதம், டையாப்சைட்டில் 55. இவற்றால் ஆன பாறை எப்படி 45க்குக் கீழே இறங்கும்?

அவரே மீண்டும்: தூய கனிமத்தை வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள். இயற்கையில் இரும்பும் அலுமினியமும் கலக்குமே?

பதில்: நியாயமான மறுப்பு. கலக்கும், சிலிக்காவும் குறையும். ஆனாலும் அல்ட்ராமாஃபிக் பாறைகளின் ஆர்த்தோபைராக்சீனில் பொதுவாக 50க்குக் கீழே போவதில்லை. அலுமினியம் மிகுந்த ஆகைட்டோடு இரும்பு ஆக்சைடான மேக்னடைட்டும் சேர்ந்த கிளினோபைராக்சினைட் சில இடங்களில் 45க்குக் கீழே இறங்கும். அது இரண்டு பெயருக்கும் உரியது. அதைப் பகுப்பாய்வு முடிவு சொல்ல வேண்டும், பாறையின் பெயர் சொல்லாது.

இன்னொருவர்: அப்படியானால் களத்தில் எதை எழுதுவது?

பதில்: அல்ட்ராமாஃபிக் என்று. கண்ணும் லென்ஸும் கனிமத்தைத்தான் காட்டும், சிலிக்கா சதவீதத்தை அல்ல.

கேள்வி: என்னிடமும் ஒரு கறுப்புக் கல். ஆகைட்டா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். கோணத்தை அளந்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: ஜேடைட்டும் பைராக்சீனா? என்ன விலை பெறும்?

பதில்: ஆம், சோடியமும் அலுமினியமும் கொண்ட பைராக்சீன், உயர் அழுத்தத்தில் உருவாவது. விலையை இரத்தினவியலாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: கருமையான கல், ஆனால் பளபளப்பு இல்லை...

பதில்: கோணம்.

கேள்வி: பூமிக்கு வெளியே பைராக்சினைட் உண்டா?

பதில்: உண்டு. 1984இல் அண்டார்க்டிகாவின் ஆலன் ஹில்ஸ் பகுதியில் எடுக்கப்பட்ட ஏஎல்எச் 84001 என்ற செவ்வாய் விண்கல் பெரும்பாலும் ஆர்த்தோபைராக்சீனால் ஆனது. மேலே வாதிட்ட நண்பர் கவனிக்கட்டும்: அதுவும் அல்ட்ராமாஃபிக், அல்ட்ராபேசிக் அல்ல.