எம்.எல்.ஏ. டெண்டர் எடுக்கலாமா? – கேள்வி பதில்

அரசுத் துறை ஒன்றின் கணக்குப் பிரிவில் டெண்டர் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வந்தன: அரசியல்வாதியும் காண்ட்ராக்டரும் ஒரே ஆளாக, அல்லது ஒரே வீட்டு ஆட்களாக இருந்தால் என்ன ஆகும்?

கேள்வி: எம்.எல்.ஏ. ஒருவர் அரசு ஒப்பந்தம் எடுத்தால் பதவி போய்விடுமா சார்?

போகும், மாட்டினால். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ல் பிரிவு 9ஏ என்று ஒன்று உண்டு. தன் தொழிலுக்காக அரசோடு ஒப்பந்தம் போட்டு, பொருள் சப்ளை செய்தாலோ அரசு வேலையை எடுத்துச் செய்தாலோ, அந்த ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை அவருக்குத் தகுதி கிடையாது. 2015 ஜனவரியில் உத்தரப் பிரதேச ஆளுநர் ராம் நாயக் இந்தப் பிரிவில் இரண்டு எம்.எல்.ஏ.க்களைத் தகுதி நீக்கம் செய்தார். ஒருவர் பகுஜன் சமாஜ், இன்னொருவர் பாஜக. ஆளுநர் தன் இஷ்டத்துக்கு இதைச் செய்ய முடியாது. அரசியலமைப்பின் 192-வது பிரிவுப்படி தேர்தல் ஆணையத்தின் கருத்தைக் கேட்டு, அதன்படிதான் முடிவெடுக்க வேண்டும்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், எம்.எல்.ஏ.வுக்கு மாநில அரசு ஒப்பந்தம்தான் ஆகாது, எம்.பி.க்கு மத்திய அரசு ஒப்பந்தம்தான் ஆகாது. எம்.எல்.ஏ. ஒருவர் மத்திய அரசுத் துறைக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தால் 9ஏ அவரைத் தொடாது.

கேள்வி: வேலையை முடித்துவிட்டேன், பில் பணம் மட்டும் வரவில்லை. தேர்தலில் நிற்கலாமா?

நிற்கலாம். உங்கள் பக்க வேலை முழுதாக முடிந்திருந்தால், அரசு பணம் தரவில்லை என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் நடப்பில் இருப்பதாகக் கொள்ளக்கூடாது என்று அதே பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. நிலுவை பில் எத்தனை நாள் தூங்கும் என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது!

கேள்வி: மனைவி பெயரிலோ மச்சான் பெயரிலோ எடுத்தால்?

இங்கேதான் ஓட்டை. 9ஏ பார்ப்பது "அவர் செய்துகொண்ட ஒப்பந்தம்" என்பதை மட்டுமே. ஆரம்பத்தில் இந்தச் சட்டம் இவ்வளவு மெலிந்து இருக்கவில்லை. அவருக்காகவோ அவர் ஆதாயத்துக்காகவோ வேறொருவர் வைத்திருக்கும் பங்கும் அதில் அடங்கியது. அரசு ஏற்று நடத்தும் சேவைகளுக்கான ஒப்பந்தமும் அடங்கியது. 1952 தேர்தலில் தருமபுரி மக்களவைத் தொகுதியில் வென்றவர், தபால்களை மோட்டார் வண்டியில் கொண்டுபோகும் ஒப்பந்தம் வைத்திருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அது அரசின் சேவைக்கான ஒப்பந்தம்தான் என்று தீர்ப்பு வந்தது. பிறகு வந்த திருத்தங்களில் "சேவை" என்ற சொல்லும் போனது, "அவர் ஆதாயத்துக்காக" என்பதும் போனது. அதே மனிதர் இன்று அதே ஒப்பந்தத்தோடு வந்தால் தப்பித்துவிடலாம்.

அமைச்சர்களுக்குத் தனியாக ஒரு நடத்தை விதித் தொகுப்பு இருக்கிறது. பதவியேற்கும் முன் தொழில் விவரங்களைப் பிரதமரிடமோ முதல்வரிடமோ சொல்ல வேண்டும், நிர்வாகத்திலிருந்து விலக வேண்டும். ஆனால் நிர்வாகத்தைக் கணவன் அல்லது மனைவி தவிர்த்து, வயது வந்த குடும்பத்தினர் ஒருவரிடம் கொடுக்கலாம். அப்பா அமைச்சர், மகன் நிறுவனம் நடத்துகிறார் என்றால் விலகியதாகக் கணக்கு. இது சட்டமும் அல்ல. மீறினால் நீதிமன்றத்தில் தகுதி நீக்கம் கேட்க முடியாது.

கேள்வி: ஜார்க்கண்ட் முதல்வர் விவகாரம் என்ன ஆனது?

ஹேமந்த் சோரன் முதல்வராக இருந்து, சுரங்கத் துறையையும் கையில் வைத்திருந்தபோது, ராஞ்சி மாவட்டத்தில் 0.88 ஏக்கர் கல் குவாரிக் குத்தகை அவர் பெயருக்கே வந்தது. புகார் கிளம்பியதும் திருப்பிக் கொடுத்துவிட்டார். தேர்தல் ஆணையம் 2022 ஆகஸ்டில் ஆளுநருக்குக் கருத்து அனுப்பியது. அது வெளியே வரவில்லை. சுரங்கக் குத்தகை 9ஏ-க்குள் வராது என்று 2001-லேயே ஒரு ஹரியானா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குத்தகைக்காரர் அரசுக்கு எதையும் சப்ளை செய்வதில்லை, அரசு வேலையையும் செய்வதில்லை. சட்டப்படி சரிதான். துறைக்குப் பொறுப்பானவரே அந்தத் துறையின் குத்தகைதாரர் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: கமிஷன் கைமாறவில்லை என்றால் தப்பே இல்லையே?

லஞ்சம் வேறு, டெண்டரையே வேண்டியவருக்காக வளைப்பது வேறு. லஞ்சம் என்றால் பணமோ வேறு ஆதாயமோ கேட்பதோ கொடுப்பதோ இருக்கும். இங்கே யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம், டெண்டர் நிபந்தனையை எழுதும்போதே காரியம் முடிந்துவிடும். "இதே வகை வேலையை இத்தனை கோடிக்கு முடித்திருக்க வேண்டும்", "தார் கலவை ஆலை இத்தனை கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும்" என்று இரண்டு வரி போதும், ஊரில் ஒரே ஒருவர்தான் தேறுவார். இந்த மாதிரி நிபந்தனைகளுக்கு நியாயமான காரணமும் இருக்கும் என்பதுதான் சிக்கல்.

காகித டெண்டர் காலத்தில் ஒரு கோப்பு பார்த்தேன். மூன்று பேர் போட்டி. டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகைக்கான மூன்று டிடியும் (வங்கி வரைவோலை) ஒரே கிளை, ஒரே தேதி, அடுத்தடுத்த எண்கள். ஜெயித்தவர் அந்த வட்டாரப் பிரமுகரின் தங்கை கணவர். குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன், "பார்த்தேன்" என்று கையெழுத்தாகித் திரும்பி வந்தது. கோப்பு முழுக்கத் தேடினாலும் பிரமுகரின் பெயர் ஒரு இடத்தில்கூட இருக்காது.

கேள்வி: காண்ட்ராக்ட் கம்பெனி கட்சிக்கு நன்கொடை தரலாமா?

இங்கே தரலாம். அரசு நிறுவனங்களுக்கும் மூன்று வயது நிரம்பாத கம்பெனிகளுக்கும் தடை உண்டு, ஒப்பந்ததாரர் என்பதற்காகத் தடை இல்லை. அமெரிக்காவில் மத்திய அரசு ஒப்பந்ததாரர்கள் தர முடியாது, 1940-லிருந்து தடை.

கேள்வி: எங்கள் வேட்பாளரைப் பற்றி நானே தெரிந்துகொள்ள வழி உண்டா?

வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தை எடுங்கள், தேர்தல் ஆணையத்தின் தளத்தில் கிடைக்கும். சொத்துப் பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். அரசு ஒப்பந்தங்கள் என்று தனிப் பகுதி இருக்கிறது. வேட்பாளர், அவரது வாழ்க்கைத் துணை, அவர்களைச் சார்ந்திருப்பவர், அவர்கள் பங்குதாரராக இருக்கும் நிறுவனங்கள் என எல்லாவற்றையும் கேட்கும். அப்புறம் உங்கள் பகுதியில் அண்மையில் வேலை எடுத்த நிறுவனங்களின் பெயர்களை டெண்டர் தளத்தில் பார்த்து ஒப்பிடுங்கள். மச்சான் மட்டும் அந்தப் பட்டியலில் வரமாட்டார், அவரை ஊரில்தான் விசாரிக்க வேண்டும்.